ஏவல் வினா: சம்பாக் கோயிற் சுவரின் முன் எழுந்த கேள்வி

நன்னூலின் பொதுவியலை மாணவர்க்குப் பாடம் சொல்லும் ஒவ்வோர் ஆண்டும் வினா வகைகளில் வகுப்புச் சற்றே கலகலப்பாகிவிடும். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்று பவணந்தியார் பகுத்த ஆறும் அன்றாட வாழ்வில் கிடைப்பவை. விடை தெரிந்த ஆசிரியர் மாணவனைக் கேட்பது அறிவினா. தெரியாத மாணவன் ஆசிரியரைக் கேட்பது அறியாவினா. தொலைவில் கிடப்பது கயிறா பாம்பா என்பது ஐயவினா. கடைக்காரரிடம் பருப்பு இருக்கிறதா என்பது கொளல்வினா. உடுக்கத் துணி இல்லாதவனிடம் துணி இல்லையோ என்பது, கொடுக்கும் கருத்தால் கொடைவினா. 'தம்பி, இன்னும் சாப்பிடவில்லையா?' என்று தாய் கேட்பது ஏவல்வினா. அது வினாவின் உருவில் வரும் கட்டளை; அதற்கு விடை சொல், செயல்.

ஓராண்டு, வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வந்து படித்த கத்தோலிக்க மாணவர் ஒருவர் இப்பாடம் முடிந்ததும் எழுந்து, "ஐயா, ஞானோபதேச வகுப்பில் எங்களிடம் அறிவினாவை மட்டுமே கேட்டார்கள். மற்ற ஐந்தையும் நாங்கள் கோயிலில் கேட்கலாமா?" என்றார். கேலிக்காகக் கேட்டவர் அல்லர். ஞாயிறு பூசை தவறாதவர். மறுநாள் விடை சொல்வதாகக் கூறிச் சென்றோம். சொன்ன விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. நாம் இறையியல் பயின்றவர் அல்லேம்; தமிழ் பயின்றவர். எனினும் தமிழ்க் கிறித்தவத்தின் வரலாற்றை வினாக்களின் வரலாறாகப் படித்துப் பார்க்கும் ஆவலை அந்த மாணவர் மூட்டிவிட்டார். கடன்பட்ட அவ்விடையே இக்கட்டுரை.

வில்லியனூரிலிருந்தே தொடங்குவோம். புதுச்சேரிக்கு மேற்கே, சங்கராபரணி ஆற்றை ஒட்டிய இவ்வூருக்குத் திருக்காமீசுவரர் கோயிலும் அதன் தேரும் ஒரு முகம் என்றால், லூர்து மாதா கோயிலும் அதன் முன்னுள்ள குளமும் மற்றொரு முகம். 1877-இல் பிரான்சிலிருந்து வந்த அன்னையின் சுரூபம் இங்கு நிறுவப்பட்டது. உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து நிகழும் திருவிழாவில் கிறித்தவர் அல்லாதாரும் பெருந்திரளாகக் கூடுகின்றனர். வருவோர் அனைவரும் கேட்கவே வருகின்றனர். பிள்ளை வரம், நோய் தீர்வு, கடன் அடைவு, தேர்வில் வெற்றி. இவையெல்லாம் நன்னூலார் கணக்கில் கொளல்வினாக்கள். 'உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் எனக்குக் கொடு.' கோயில் வழிபாட்டில் இவ்வினாவை எவரும் தடுத்ததில்லை.

ஆனால் அந்தச் சுரூபத்தின் வரலாறோ வேறொரு வகை வினாவில் இருக்கிறது. 1858 பிப்ரவரி 11 அன்று பிரான்சின் தென்மேற்கே, லூர்து என்னும் சிற்றூரில், பிழைப்புக் குன்றிய மாவரைப்பவர் ஒருவரின் மகளான 14 வயது பெர்னதெத், மசபியேல் கெபியில் ஓர் இளம்பெண்ணைக் கண்டதாகச் சொன்னாள். பங்குக் குருவான பெய்ரமால் நம்பவில்லை. அந்தப் பெண்மணியின் பெயர் என்ன என்று கேட்டு வா என அனுப்பினார். மார்ச்சு 25 அன்று பெர்னதெத் பெயரைக் கேட்டாள். விடையில்லை, புன்னகை மட்டும். மீண்டும் கேட்டாள். விடாமல் கேட்ட பின்பே 'நானே அமலோற்பவம்' என்ற பொருள்பட விடை வந்தது என்பது அவள் வாக்குமூலம். சொல்லின் பொருள் அவளுக்கு விளங்கவில்லை. மறந்துவிடாதிருக்க வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு குருவிடம் ஓடினாள். அதன் பின்னும் திருச்சபை உடனே தலையசைக்கவில்லை. ஆயர் குழு அமைத்து விசாரித்தது. 1862 சனவரியில்தான் தார்ப் ஆயர் லொரான்சு அக்காட்சி நம்பத்தக்கது என அறிவித்தார்.

ஐயுற்ற ஒரு குரு, வினவிய ஒரு சிறுமி, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் விசாரித்த ஓர் ஆயர். வில்லியனூர்க் குளக்கரையில் முழந்தாளிடும் பக்தி இம்மூவர் வினவிய வழியே வந்தது. மாணவருக்கு அன்றே இதைச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

அறிவினா

தமிழில் கிறித்தவ நூல் அச்சேறியபோதே வினாவும் உடன் ஏறியது. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். இந்திய மொழி எழுத்துகளில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களில் இதுவே மிகப் பழையது. இதனையும் அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்' என்னும் நூலையும் தந்தவர் அன்றிக்கு அடிகளார் எனத் தமிழர் அழைத்த என்ரிக்கே என்ரீக்கசு. பின்னது, மார்க்கோசு சோர்சு என்பார் போர்த்துகீசிய மொழியில் எழுதியதைத் தழுவியது. குருவும் சீடனும் வினா விடையாகப் பேசிச் செல்லும் அமைப்புடையது.

இந்த வினாக்கள் அறிவினாக்கள். கேட்பவருக்கு விடை தெரியும். சொல்பவருக்கும் தெரிந்தாக வேண்டும். இவற்றைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே எழுதப் படிக்கத் தெரியாத பெரும்பான்மையோர்க்கு ஒரு முழுக் கோட்பாட்டை நினைவில் ஏற்ற அன்று இருந்த வழி இதுதான். கடற்கரை ஊர்களில் குரு ஆண்டுக்கு ஒருமுறை தலைகாட்டினாலும் அரிது. இடைப்பட்ட காலம் முழுதும் அந்த மக்களைக் கிறித்தவராக வைத்திருந்தது உபதேசியாரும் அவர் வாயிலிருந்த வினா விடையுமே.

அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. அறிவினாவில் சீடன் வியப்பதற்கு இடமில்லை. குரு சொன்னதைத் திருப்பிச் சொல்வதே சீடனின் பணி என்றாகிவிட்டால் எங்கே போய் முடியும் என்பதை நகைச்சுவையாக்கித் தந்தவரும் ஒரு குருவே. வீரமாமுனிவரின் பரமார்த்த குருவுக்கு வாய்த்த ஐந்து சீடர்களும் குதிரை முட்டை இடுமா என்று ஒருபோதும் கேட்டதில்லை. அந்தக் கதையை நாம் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறோம். கேளாத சீடர் கூட்டத்தைப் பற்றி ஒரு மறைபோதகர் எழுதியது என்ற நினைவோடு படித்தால் சிரிப்பு சற்று அடங்கும்.

ஐயவினா

1606-இல் மதுரை வந்த தத்துவ போதகர், இராபர்ட்டு தெ நோபிலி, காவி உடுத்துச் சைவ உணவு உண்டு குடிலில் வாழ்ந்த கதையை இலக்கிய வாசகர் அறிவர். அவரது முதல் வெற்றி போதனையால் வந்ததன்று, வாதத்தால் வந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மதுரையில் பள்ளி ஆசிரியர் ஒருவர் அவரிடம் வந்து நாள்தோறும் பல மணி நேரம், இருபது நாட்கள் தொடர்ந்து வாதிட்டார். ஒன்றுமில்லாமையிலிருந்து உலகைப் படைக்க முடியுமா, உயிர்களின் ஏற்றத்தாழ்வுக்கு முற்பிறப்பு காரணமில்லை என்றால் வேறு எது காரணம் என்பன போன்ற வினாக்கள். சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என மூன்றையும் அநாதி என்னும். கிறித்தவம் இறைவன் ஒருவனையே அநாதி என்னும். இருபது நாளும் அந்த ஆசிரியர் நின்றது இவ்விரண்டுக்கும் இடையில். இருபதாம் நாளின் பின் அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

நோபிலி பின்னாளில் எழுதிய தமிழ் உரைநடை நூல்களில் இந்த ஐயவினாவின் தடம் இருக்கிறது. 'நித்திய சீவன சல்லாபம்' குருவும் சீடனும் உரையாடுவது. ஆனால் அச்சீடன் கிரீசித்தியானி வணக்கத்துச் சீடன் அல்லன். தடை எழுப்புகிறான், தடைக்கு விடை பெற்ற பின்பே நகர்கிறான். நம் உரையாசிரியர்கள் தடைவிடை என்று சொல்வார்களே, அந்த முறை. ஐரோப்பாவிலும் இதற்கு முன்மாதிரி இருந்தது. தோமா அக்குயினார் தமது பெருநூலைக் கட்டியதே ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வினாக்களால். ஒவ்வொன்றிலும் முதலில் எதிர்த்தரப்பின் தடைகளை எழுதுவார். பிறகே தம் கருத்து. எதிரியின் வினாவை வலுக்குறையாமல் எழுதத் தெரியாதவன் விசுவாசத்தை விளக்கத் தகுதியற்றவன் என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது.

ஆயினும் நோபிலியின் குடிலில் கேட்கப்படாத வினா ஒன்று இருந்தது. உயர்சாதியாரை ஈர்ப்பதற்காக அவர் பிற கிறித்தவரின் கோயிலிலிருந்து விலகித் தனிக் கோயில் வைத்துக்கொண்டார். பூணூலும் குடுமியும் சமூக அடையாளங்களே, சமய அடையாளங்கள் அல்ல என்று வாதிட்டு உரோமாபுரியில் வென்றார். 1623-இல் பதினைந்தாம் கிரகோரியார் அவற்றை அனுமதித்தார். அந்த ஆணையிலேயே, உயர்குடியார் எளியோரை இகழலாகாது, கோயிலில் வசனம் கேட்பதிலும் அருளடையாளங்களைப் பெறுவதிலும் விலக்கலாகாது என்ற வேண்டுகோளும் இருந்தது. அனுமதி நடைமுறையாயிற்று, வேண்டுகோள் ஏட்டில் தங்கிற்று. 1640 முதல் தாழ்த்தப்பட்டோர்க்கெனப் 'பண்டாரசாமிகள்' என்ற தனிக் குருமார் தோன்றினர். வானுலகு பற்றிய ஐயங்கள் அனைத்தையும் வரவேற்ற முறை, தெரு பற்றிய வினாவுக்கு முன் வாய் மூடிக்கொண்டது.

அறியாவினா

புதுச்சேரிக்குத் தெற்கே, காரைக்காலைத் தாண்டாமலே, தரங்கம்பாடிக் கோட்டை. 1706 சூலையில் அங்கு வந்திறங்கிய செருமானிய இளைஞர் சீகன்பால்கு தமிழ்க் கற்கத் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு மணலில் எழுத்து வரைந்தார் என்பது பலரும் அறிந்தது. அவர் செய்த மற்றொன்று அதைவிடப் பெரிது. 1712 முதல் 1714 வரை அவரும் உடன்பணியாளர் குருண்ட்லரும் தமிழர் பலருக்கு வினாக்கள் எழுதி அனுப்பினர். உங்கள் தெய்வங்கள் யாவை, நோன்புகள் எவை, இறப்புக்குப் பின் என்ன என்று நம்புகிறீர்கள், எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள். வந்த விடைகள் 99 கடிதங்களாகச் செருமன் மொழியில் ஆலே நகரிலிருந்து வெளியாயின.

விடை சொல்ல வந்தவர் விடை அறியாதவராய்க் கேட்டது தமிழகத்து மறைபோதக வரலாற்றில் ஒரு திருப்பம். ஏனெனில் அறியாவினாவைக் கேட்பவன் தன்னையும் கேள்விக்கு உட்படுத்திக்கொள்கிறான். தமிழர் எழுதிய கடிதங்களில் மரியாதையும் இருந்தது, சாட்டையும் இருந்தது. பசுவைக் கொன்று தின்கிறீர்கள், குடித்து மயங்குகிறீர்கள், தூய்மை பேணுவதில்லை. இத்தகையோர் மார்க்கம் எப்படி மேலான மார்க்கமாகும் என்று கேட்டனர். சீகன்பால்கு அவற்றை மறைக்கவில்லை, மொழிபெயர்த்துத் தம் நாட்டாருக்கே அனுப்பினார். அவர் 1713-இல் எழுதி முடித்த தமிழ்த் தெய்வங்கள் பற்றிய நூலோ ஆலேயில் வரவேற்பின்றிக் கிடந்து 1867-இல்தான் அச்சேறியது. இது பொருட்டா அவரை அனுப்பினோம் என்பது அங்கிருந்தோர் எண்ணம். கேட்கப் போனவனைச் சொல்ல அனுப்பியவர்கள் புரிந்துகொள்ளவில்லை.

சீகன்பால்கு தம் விசுவாசத்தை இழந்தாரா? இல்லை. அதே ஆண்டுகளில்தான் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். வினவியதால் அவர் தமிழ் ஆழப்பட்டது. தமிழ் ஆழப்பட்டதால் அவர் சொல்ல வந்தது நிலத்தில் ஊன்றியது.

ஏவல்வினா

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். மேற்கண்ட வினாக்களில் கேட்டவரும் விடுத்தவரும் கற்றோர். கல்வியில்லார் என்று ஒதுக்கப்பட்டோர் கேட்ட வினா ஒன்று புதுச்சேரியில் எழுந்தது. நம் நோக்கில் தமிழ்க் கிறித்தவ வரலாற்றின் தலையாய வினா அதுவே.

அதற்கு முன்னோட்டம் ஒன்று உண்டு. 1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதராகிய தூர்னோன் சீனம் செல்லும் வழியில் புதுச்சேரியில் இறங்கினார். எட்டு மாதம் போலத் தங்கினார்; 1704 சூனில் மலபார்ச் சடங்குகள் பற்றிய தம் ஆணையை எழுதினார். தாலி, பூப்பு நீராட்டு, திருநீறு ஆகியவற்றோடு, நோயுற்ற பறையர் கிறித்தவரின் வீட்டுக்கே குருமார் சென்று அருளடையாளங்கள் வழங்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. அவர் வீட்டுக்குள் நுழைந்தால் உயர்சாதிக் கிறித்தவர் தங்களைப் புறக்கணிப்பர் என்று சேசு சபையார் முறையிட்டனர். உரோமைக்கும் புதுச்சேரிக்கும் இடையே நாற்பதாண்டுகள் கடிதமும் மறுகடிதமும் பறந்தன. 1744 செப்டம்பரில் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அந்த வழக்கை முடித்துவைத்தார். பறையர்க்கெனத் தனிக் குருமாரை நியமிப்பது என்ற ஏற்பாட்டை அவர் ஏற்றுக்கொண்டார். கொள்கை அளவில் விலக்கு கூடாது, நடைமுறையில் தனித்தனி.

இதற்கு அடுத்த ஆண்டு, 1745 அக்டோபரில், நிகழ்ந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பிள்ளை வைணவர், கிறித்தவச் சண்டையில் அவருக்குச் சார்பு இல்லை. சேரியாரிடம் அவருக்குத் தனிப்பட்ட பரிவும் இல்லை. அதனாலேயே அவர் சாட்சியம் மதிப்புடையது.

புதுச்சேரியில் சேசு சபையாரின் தூய பவுல் கோயிலை மக்கள் சம்பாக் கோயில் என்றனர். அதனுள் வடபுறமாக ஒரு சுவர். சுவரின் ஒரு பக்கம் சாதிக் கிறித்தவர், மறுபக்கம் பறையர் கிறித்தவர். நகரத்துப் பெரிய சேரியிலும் சுற்றியிருந்த சேரிகளிலும் வாழ்ந்த கிறித்தவர் கூடிப் பெரிய சாமியாரிடம் சென்றனர். அவர்கள் கேட்டதன் சாரம் இதுதான்: நாங்கள் மெய்யாகவே உங்கள் சீடர் என்றால் எங்களுக்கும் பிறர்க்கும் வேற்றுமை உண்டோ? ஆண்டவர் எல்லாரையும் ஒன்றாகத்தானே பார்க்கிறார்? பிறகு எங்களை ஏன் ஒதுக்கி நிறுத்துகிறீர்கள்?

இவ்வினாவின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். இது வெளியிலிருந்து வந்த தாக்குதல் அன்று. ஞானோபதேசத்தில் அவர்களுக்கு அறிவினாவாகப் புகட்டப்பட்டதையே எடுத்து அவர்கள் திருப்பிக் கேட்கின்றனர். கடவுள் யார்? எல்லாருக்கும் தந்தை. அவர் பிள்ளைகள் யார்? ஞானஸ்நானம் பெற்ற அனைவரும். மனப்பாடம் செய்த அந்த விடையை ஒருவரேனும் முழுமையாக நம்பியிருந்தால் அது இவர்களே. நம்பியதனால்தான் சுவர் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. மறுபக்கம் இருந்தவர்களும் அதே விடையை ஒப்பித்தவர்கள்தாம். அவர்களுக்குச் சுவர் ஒரு வினாவாகவே படவில்லை.

பெரிய சாமியார் அவர்கள் சொல் நியாயம் என்று ஒப்பினார். சுவரை இடிக்கச் செய்தார். எல்லாரும் என் பிள்ளைகளே, விருப்பம்போல் கலந்து அமருங்கள் என்றார். வினாவுக்கு விடை சொல்லால் வரவில்லை, கடப்பாரையால் வந்தது. நன்னூலார் ஏவல்வினா என்றது இதையன்றி வேறெதை?

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்நாளில் கும்பினியின் தலைமைத் துபாசியாக இருந்தவர் கனகராய முதலியார் என்னும் கிறித்தவர். நகரத்தில் பெருஞ்செல்வாக்கு உடையவர். அவர் உறவினர் வீட்டுப் பெண் ஒருவர் நகையும் நறுமணமுமாகப் பூசைக்கு வந்தார். சாமியார் அவ்வலங்காரத்தைக் கடிந்துரைத்தார். சுவர் இடிந்த எரிச்சலோடு இந்த அவமதிப்பும் சேர்ந்தது. சாதிக் கிறித்தவர் கூடிப் பேசினர், கோயிலுக்குப் போவதில்லை என்றனர், குருவோடு வாய்ச்சண்டைக்குப் போயினர். செய்தி ஆளுநர் துய்ப்ளேயிடம் சென்றது. கூட்டம் கூடிப் பேசுவோரைப் பிடிக்கும்படி அவர் உத்தரவிட்டார்.

அதே 1745-இல் ஒழுகரையில் கனகராயர் தாம் எழுப்பிய கோயிலுக்கு விழா எடுத்தார். புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் செல்லும் பாதையில் உள்ள இடம் அது. ஊரையே அழைத்து விருந்து வைத்தார். சாதி முறைமை வழுவாமல் அவ்விருந்து நடந்ததையும் நாட்குறிப்பு பதிந்திருக்கிறது. ஒரே ஆண்டு, ஒரே விசுவாசம். ஒரு சாரார் கோயிலைக் கட்டினர். மற்றொரு சாரார் அந்தக் கோயில் எதற்காக என்று கேட்டனர். நாட்குறிப்பில் கட்டியவர் பெயரோடு நிற்கிறார். கேட்டவர்கள் சேரியாராகக் கூட்டமாய் நிற்கின்றனர்.

சம்பாக் கோயிலும் நிலைக்கவில்லை. 1748-இல் அதன் பக்கத்திலிருந்த வேதபுரீசுவரர் கோயிலைத் துய்ப்ளே காலத்து ஆட்சி இடித்தது. சேசு சபையார் நெடுநாள் வற்புறுத்தி வந்தது அது. சேரியாரின் வினாவுக்குச் செவிகொடுத்த அதே மதிலுக்குள் அயலாரின் வழிபாட்டுக்குச் செவி இல்லை. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கியபோது சம்பாக் கோயிலும் வீழ்ந்தது. இன்று அங்கே நிற்கும் அமலோற்பவ அன்னை பேராலயம் 1791-இல் எழுந்தது. சம்பாக் கோயில் என்ற பெயரை மக்கள் இன்னும் விடவில்லை.

சுவர் இடிந்தாலும் சுவர் எழுப்பும் மனம் இடியவில்லை. அடுத்த நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட கோயில் இரு கால்களாகப் பிரிந்து, 'கால்சட்டைக் கோயில்' என்று பெயர் பெற்றது. பீடம் ஒன்று, சாதிக்கு ஒரு கூடம். 1910-இல் அங்கிருந்த தடுப்பைக் குருமார் அகற்றினர். மேல்சாதியார் நீதிமன்றம் சென்றனர். சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் தனியிட உரிமை அவர்க்குக் கிட்டவில்லை. புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட எறையூரிலோ 2008 மார்ச்சில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்கெனத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதைத் தொடர்ந்து மோதல் மூண்டது. காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். 1745-இல் ஒன்றாக அமர வேண்டும் என்று கேட்டவர்களின் வழிவந்தோர், 263 ஆண்டுகளுக்குப் பின் தனியே அமர விடுங்கள் என்று கேட்க நேர்ந்தது. அவர்கள் மாறியதனால் அன்று, விடை வராததனால். 2016 திசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளல் நேர்விடை. ஏவல்வினா கேட்டு நிற்பதோ செயல்விடை.

விடை வகைகள்

மாணவரின் வினாவுக்கு வருவோம். ஆறும் கோயிலில் கேட்கலாமா? நன்னூலில் வினாவை அடுத்து விடை வகைகள் எட்டு வருகின்றன. அவற்றுள் ஒன்று வினா எதிர் வினாதல். கேள்விக்குக் கேள்வியையே விடையாகத் தருவது. நற்செய்தி நூல்களைத் தமிழ் இலக்கணம் பயின்றவன் படித்தால் முதலில் கண்ணில் படுவது இதுதான். எந்த அதிகாரத்தால் இதைச் செய்கிறீர் என்று தலைமைக் குருக்கள் கேட்டபோது, யோவானின் திருமுழுக்கு வானத்திலிருந்தா மனிதரிடமிருந்தா என்று இயேசு திருப்பிக் கேட்டார். அயலான் யார் என்று கேட்ட சட்ட வல்லுநருக்கு ஒரு கதை சொல்லி, இம்மூவரில் அயலானாக நடந்தவன் எவன் என்று கேட்டார். கேட்டவனைக் கொண்டே விடை சொல்விக்கும் இம்முறையில் அவர் தேர்ந்தவர். வானதூதர் முன் மரியா 'இது எப்படி நிகழும்' என்று வினவினாள். அவள் சொன்ன ஆமென் அவ்வினாவுக்குப் பிறகே வருகிறது. சிலுவையில் அவர் எழுப்பிய கடைசிக் குரல்களில் ஒன்றும் வினாவே. ஏன் கைவிட்டீர் என்பது அறிவினாவாக இருக்க முடியாது.

இன்னொன்று. பன்னிருவருள் தமிழகத்தோடு மரபு இணைத்துப் பேசும் திருத்தூதர் தோமையார். மயிலையில் அவர் கல்லறை, பரங்கிமலையில் அவர் நினைவு. காயத்தைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றவர் அவரே. நற்செய்தி நூல்களில் இயேசுவை நோக்கி 'என் ஆண்டவரே, என் கடவுளே' என்று அவ்வளவு நேராக அறிக்கையிட்டவரும் அவரே. ஐயம் அவரை வாசலுக்கு வெளியே தள்ளவில்லை. பிறர் நின்ற இடத்தைத் தாண்டி உள்ளே கொண்டு சென்றது.

எனினும் எல்லா வினாவும் ஒருவரை ஆழத்துக்கு இட்டுச் செல்லும் என்று சொல்வதற்கில்லை. மடக்குவதற்காகக் கேட்ட வினாக்களும் நற்செய்திகளில் உள்ளன; அவை கேட்டவரை வந்த வழியே அனுப்பிவிட்டன. நாம் மேலே கண்ட நால்வகையினர்க்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. பெர்னதெத், மதுரை ஆசிரியர், சீகன்பால்கு, சம்பாக் கோயில் சேரியார் ஆகிய எவரும் வினாவின் விலையைப் பிறர் தலையில் கட்டவில்லை. சிறுமி ஏச்சுக்கும் விசாரணைக்கும் ஆளானாள். ஆசிரியர் தம் மரபை விட்டு வந்தார். போதகர் தம்மை அனுப்பியவரின் நன்மதிப்பை இழந்தார். சேரியார் தங்கள் சோற்றுக்கு ஆதாரமான எசமானர்களின் பகையைத் தேடிக்கொண்டனர். தன் வாழ்வைப் பணயம் வைத்துக் கேட்கப்படும் வினா விசுவாசத்தின் எதிரி ஆகாது. அது விசுவாசத்தின் உச்சம். விடை பொய்யாகாது என்ற உறுதி இல்லாதவன் அத்தகைய வினாவைக் கேட்கத் துணியமாட்டான்.

கேள் என்னும் சொல் தமிழில் வினவு என்றும் பொருள்படும், செவிகொடு என்றும் பொருள்படும். கேள் என்பதற்கு உறவு என்ற பொருளும் உண்டு. கேளிர் என்றால் சுற்றத்தார். வினவுதல், செவிகொடுத்தல், உறவாதல் ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருக்கும் மொழி நம் மொழி. 1745-இல் சேரியார் கேட்டனர். ஒரு குரு கேட்டார். மூன்றாவது பொருள் கைகூடாமல் நின்றுவிட்டது.

எனவே, அன்று விடை கேட்ட தம்பிக்கு இப்போது சொல்வோம். ஆறையும் கேட்கலாம். கோயிலில் கொளல்வினா கேட்போர் ஏராளம். வில்லியனூர்க் குளக்கரையில் அவர்களுக்குக் குறைவில்லை. அறிவினாவை உபதேசியார் பார்த்துக்கொள்வார். ஏவல்வினாவைக் கேட்பவர் எந்தத் தலைமுறையிலும் சிலரே. அது கேட்கப்படும்போது நாம் சுவரின் எந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறோம் என்பதை, கிறித்தவராயினும் அல்லாதாராயினும், நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.